தம்பி வரட்டும், அந்தியேட்டிக்கு வேண்டாம்

பெரியப்பாவின் அந்தியேட்டிக்கு, அதாவது இறந்தபின் செய்யும் கிரியைக்கு, அடித்த கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் கைக்கு வந்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது, கோபம் பிறகு. தேவாரம், வாழ்க்கை வரலாறு, மக்கள் புலம்பல் அத்தனையும் ஐஸ்கிறீம் கடைப் பலகையில் காணும் கொழுகொழு எழுத்தில். திதி வெண்பா பலூன் கட்டிக்கொண்டு ஆடியது.

அச்சகத்தில் கேட்டேன். "இப்போது எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள் அண்ணா, வடிவாக இருக்கிறதுதானே" என்றார் அங்கிருந்த தம்பி.

வடிவுதான், மறுக்கவில்லை. எழுத்துருவின் பெயரும் தம்பிதான்: பலூ தம்பி. மும்பையிலுள்ள ஏக் டைப் குழு செய்தது, கூகிளில் இலவசமாகக் கிடைக்கிறது. அதே குடும்பத்தில் மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபிக்குப் பாஜி. (கல்தோன்றி மண்தோன்றாக் காலத்து மொழிக்குத் தம்பிப் பட்டம், மலையாளத்துக்கு அண்ணன் பட்டம்! இன்னும் யாரும் கொடி பிடிக்கவில்லை.)

இலத்தீன் எழுத்துக்கு முனையிலுள்ள வாலை வெட்டினால்தான் 'சான்ஸ்' எனும் வாலில்லா எழுத்து ஆகும். பனையோலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்த நம் எழுத்துக்கு வெட்டுவதற்கு வாலே இல்லை. உருண்டையும் நமக்குப் புதிதல்ல. பலூ தம்பி அந்த உருண்டையை இன்னும் ஊதி, முனைகளை மழுக்கி, கோட்டைத் தடிப்பாக்கியிருக்கிறது. முன்பள்ளிச் சுவரில் ஒரு முழ உயரத்தில் 'அ' எழுதிப் பாருங்கள், பிள்ளை ஓடிவந்து தடவும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் குளிர்பானக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து உண்டா?

சிக்கல் சிறிய அளவில். 'ண', 'ஞ' போன்றவற்றின் வயிற்றுக்குள் இருக்கும் வெள்ளைதான் அவற்றை நமக்கு அடையாளம் காட்டுகிறது. தடித்த கோட்டில், மை ஊறும் தாளில், அந்த வெள்ளை அடைபட்டுவிடும். புள்ளி எழுத்தின் தலையில் ஒட்டிக்கொள்ளும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் ஒரு சிறு சுழி. அது கறுத்துவிட்டால் 'சேவை' 'செவை'தான். எங்கள் கல்வெட்டில் ஐந்து இடத்தில் அப்படி. பலூ 2 என்ற பின்வந்த பதிப்பில் ஐந்து தடிப்புகள் உள்ளன; மெல்லியதை எடுத்திருந்தால் கொஞ்சம் தப்பியிருக்கும். பந்தி பந்தியாக வாசிக்கவென்றால் அதே குழுவின் முக்தா மலர் இருக்கிறது, அதுவும் இலவசம். பாமினி என்ற பழைய எழுத்துருவைத் தாண்டி ஒருங்குறிக்கு (யூனிகோட்) வந்த அச்சகம் இன்னும் ஓரடி வைத்தால் என்ன?

ஆங்கிலக்காரர் இந்தக் கூத்தை முன்பே ஆடிவிட்டார்கள். மைக்ரோசொஃப்ட் மென்பொருள் ஒன்றில் ஒரு நாய்ப் பொம்மை டைம்ஸ் நியூ ரோமனில் பேசுவதைக் கண்டு பொறுக்காமல் வின்சென்ட் கொன்னார் 1994இல் வரைந்தது கொமிக் சான்ஸ். நாய்க்கென்று பிறந்த எழுத்து, 2012இல் ஹிக்ஸ் துகளை அறிவித்த சேர்ன் ஆய்வுகூடத்தின் திரையில் வந்து நின்றது. கண்டுபிடிப்பை விட்டுவிட்டு எழுத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஏராளம். பழி என்னவோ எழுத்தின் மேல்தான் விழுந்தது, பாவம்.

பெரியப்பா முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவர். 'செவை'யைக் கண்டிருந்தால் சிவப்புப் பேனாவைத் தேடியிருப்பார். கொடுக்காமல் மிஞ்சிய பிரதிகள் என் மேசையில் கிடக்கின்றன. இரண்டு நாளாக ஒவ்வொன்றாக எடுத்துச் சுழி போட்டுக்கொண்டிருக்கிறேன்.