ரோமுலஸும் இயன் ஹோமின் முகமும்

'ஏலியன்: ரோமுலஸ்' 2024-இல் வந்த படம். இப்போது அதைப் பற்றி எழுதுவது ஆறிய கஞ்சியைக் கிண்டுவதுதான். ஆனாலும் ஒரு கோபம் இன்னும் தீரவில்லை. கதையை உடைத்துத்தான் எழுதுகிறேன். பார்க்காதவர்கள் இதோடு நின்றுகொள்ளலாம்.

முதல் அரை மணி நேரம் அபாரம். ஜாக்சன்ஸ் ஸ்டார் என்ற சுரங்கக் குடியிருப்பில் வெயிலே கிடையாது. ஒப்பந்த நேரத்தை உழைத்து முடித்துவிட்ட ரெயின், வேறு கிரகத்துக்குப் போக அனுமதி கேட்டு நிற்கிறாள். கவுன்ட்டரில் இருப்பவர் சாவகாசமாகச் சொல்கிறார்: கோட்டா 24,000 மணி நேரமாக உயர்ந்துவிட்டது, இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் உழைக்க வேண்டும், அதுவும் சுரங்கத்தில். 1979-இல் வந்த முதல் 'ஏலியன்' படத்தில் விண்கல ஊழியர்களான பார்க்கரும் பிரெட்டும் போனஸுக்காக முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்கள். வேற்றுக்கிரகப் பிராணி வந்து சேர வேண்டும், ஊழியர்கள் போனால் போகட்டும் என்பது கம்பெனியின் ரகசிய உத்தரவு. இந்தத் தொடரில் உண்மையான பூதம் எது என்பது இயக்குநர் ஃபெடே அல்வாரெஸுக்குத் தெரிந்திருக்கிறது.

ஈர்ப்பு விசையை நிறுத்திவிட்டு ரெயின் சுடும் காட்சியும் அப்படித்தான். பிராணிகளின் அமில ரத்தம் தரையைத் துளைக்காமல் சுருள் சுருளாக மிதக்க, அதன் இடுக்கில் அவள் நீந்திப் போகிறாள். பழைய விதியை வைத்தே புதிதாக ஒன்று செய்திருக்கிறார்கள். ரெயினுக்குத் தம்பியாக இருக்கும் செயற்கை மனிதன் ஆண்டியாக வரும் டேவிட் ஜான்சன் இன்னும் ஒரு படி மேல். அசட்டுச் சிலேடை சொல்லும் அந்தத் தம்பி, ஒரு சில்லு மாறியதும் கம்பெனி ஆளாகிவிடுகிறான். குரலும் நிற்கும் விதமுமே வேறு. அவன் வாயில் 1986 படத்தின் நாயகி ரிப்ளியின் வசனத்தைத் திணித்தது மட்டும் வீண் வேலை. கடைசியில் வரும் கலப்புப் பிறவி பயமுறுத்துகிறது, அவ்வளவுதான்.

கோபம் ரூக் என்ற செயற்கை மனிதப் பாத்திரத்தின் மீதுதான். முதல் படத்தில் செயற்கை மனிதனாக நடித்து, 2020-இல் காலமான இயன் ஹோமின் முகத்தைப் பொம்மையாலும் கணினியாலும் செய்து, கிழிந்த உடம்பில் ஒட்டிப் பேச வைத்திருக்கிறார்கள். வாய் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். குடும்பத்தாரிடம் கேட்டுத்தான் செய்தார்கள் என்கிறார்கள், சரி. ஒப்பந்தம் முடிந்தும் விடுவிக்கப்படாத பெண்ணுக்காக நம்மைக் கொதிக்க வைக்கும் படம், செத்த பிறகும் ஒரு நடிகரை வேலைக்குக் கூப்பிடுகிறது. எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூடவா இது உறுத்தவில்லை?

கதைக்கும் அந்த முகம் தேவையில்லை. 1986-இல் செயற்கை மனிதனாக லான்ஸ் ஹென்ரிக்சன் வந்தார், 2012-இல் மைக்கேல் ஃபாஸ்பெண்டர் வந்தார். பழைய முகம் எங்கே என்று ரசிகர்கள் யாரும் கேட்கவில்லை. ரூக்காக உயிரோடு இருக்கும் ஒருவரைப் போட்டிருந்தால் திரைக்கதையில் ஒரு வரிகூட மாறியிருக்காது.