கொத்தனார் வண்டி

போன வாரம் ஒரு காதுகுத்து விசேஷத்தில், பத்துப் பேர் முன்னால் மச்சினன் மறுபடியும் ஆரம்பித்தான். "ஆறு மாசம் ஷோரூம் ஷோரூமா ஏறி இறங்குனாரு. கடைசில போயும் போயும் கொத்தனார் வண்டியத்தான் எடுத்துட்டு வந்தாரு எங்க மச்சான்." பந்தியே சிரித்தது. இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருந்ததால் நான் குனிந்த தலை நிமிரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் பதில் வரிசை கட்டி வந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவன் படிக்க மாட்டான். இங்கே எழுதினால் யாராவது அவனிடம் காட்டுவீர்கள்.

வண்டி எடுத்துப் பத்து மாதம். 17,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 100 சிசி. பெயரைச் சொல்லிப் புகழ்ந்தால் விளம்பரம், குறை சொன்னால் வம்பு. அதனால் பெயர் வேண்டாம்.

மறைப்பதற்கு ஒன்றுமில்லை, மனசுக்குள் இருந்தது 350 சிசிதான். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு வருவாய் ஆய்வாளர் ஒருவர் புல்லட்டில் வருவார். சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அந்த வண்டிக்கு அப்படி ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தேன். எழுந்தது பட்டாவுக்காக என்பது புரிவதற்குள் எனக்கு 46 வயதாகிவிட்டது.

எனக்கு வேலை சொட்டுநீர்ப் பாசனக் கம்பெனியில். வீடு ஒட்டன்சத்திரம். கள்ளிமந்தையம், இடையகோட்டை, சில நாள் தாராபுரம் வரைக்கும் தோட்டம் தோட்டமாகப் போக வேண்டும். நாளைக்கு 70 கிலோமீட்டர் சாதாரணம். அதில் பாதிதான் தார்ரோடு. மீதி இட்டேரி என்கிற வேலி நடுவே போகும் மண்பாதை, வரப்பு, பம்ப்செட் வாசல்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று கூட வேலை பார்க்கும் நண்பரிடம் கேட்டேன். அவர் தன்னுடைய 350ஐக் கொடுத்துவிட்டு என் பழைய வண்டியை எடுத்துக்கொண்டார். முதல் இரண்டு நாள் ராஜபோகம். பழனி ரோட்டில் நாலாவது கியரில் போட்டு விட்டால் தேர் மாதிரி போகிறது. கடைக் கண்ணாடியில் என்னையே இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கள்ளிமந்தையம் பக்கம் ஒரு தோட்டம். முந்தின ராத்திரி மழை. இட்டேரியில் இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் செம்மண் சேறு. பாதி வழியில் எதிரே டிராக்டர் வந்துவிட்டது. நான்தான் பின்னால் வர வேண்டும். நம் உயரம் ஐந்தே கால் அடி. நுனிக்காலை ஊன்றி 195 கிலோவைப் பின்னால் தள்ளப் பார்த்தேன். கால் வழுக்கியது. வண்டி மெதுவாக, ரொம்ப மெதுவாக, நான் பிடிக்கப் பிடிக்க வேலி மேல் சாய்ந்து படுத்துக்கொண்டது. கண்ணாடி போச்சு. கிளுவை முள் முழங்கையில் ஏறியது தனி.

தனியாகத் தூக்க முடியவில்லை. டிராக்டர்காரர் இறங்கி வந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பால்காரர், இரண்டு பக்கமும் கேன் தொங்க, தன் 100 சிசியில் வேலியோரமாகவே நுழைந்து வந்து, கேனோடு ஸ்டாண்டு போட்டுவிட்டு எங்களோடு கை கொடுத்தார். தோட்டத்து ஆத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. "ஏஞ் சாமி, வண்டிய நிமுத்தவே மூணு ஆளு வேணுமா? எரும படுத்துக்கிட்டாக்கூட வாலப் புடிச்சா எந்திரிச்சுக்குமே."

கண்ணாடிக்குக் காசு கொடுத்து, மன்னிப்பும் கேட்டு, சனிக்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் பேப்பரில் கணக்குப் போட்டேன். மாதம் 25 நாள், 70 கிலோமீட்டர் என்றால் 1,750. இப்போதைய வண்டி எனக்கு லிட்டருக்கு 62, 63 கொடுக்கிறது. நண்பரின் வண்டி என் கையில் 35. பெட்ரோல் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஒன்றுக்கு 2,800, இன்னொன்றுக்கு 5,000. மாதா மாதம் 2,200 ரூபாய் வித்தியாசம். தமிழ்நாட்டில் ஆயுள் வரியும் ஒரு லட்சம் வரைக்கும் உள்ள வண்டிக்கு 10 சதவீதம், அதைத் தாண்டினால் 12. புது வண்டிக்கு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ், 75க்கு மேல் 150 சிசி வரை 3,851 ரூபாய். 350 வரை 7,365. அதற்கும் மேலே போனால் 15,117. இது 2022 ஜூனில் வந்த கட்டணம். 2025 செப்டம்பர் 22லிருந்து ஜிஎஸ்டி 350 சிசி வரை 28லிருந்து 18 ஆனது, அதற்கு மேல் 40. நான் வண்டி எடுத்த பிறகு குறைத்தார்கள். அந்த வயிற்றெரிச்சலைப் பற்றி வேறொரு பதிவு போடலாம்.

பணத்தை மட்டும் வைத்துப் பேசினால் கஞ்சன் என்பான். சரி, சக்திக்கே வருவோம். என் வண்டியில் இருப்பது 8 குதிரைத்திறன், சுருக்கமாகக் குதிரை. 350ல் 20. இந்தப் பன்னிரண்டு குதிரையும் எங்கே வேலை செய்கின்றன என்று பார்க்க வேண்டும். வேகமாகப் போகும்போது வண்டியின் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளத்தான் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அதற்கு வேண்டிய சக்தி எட்டு மடங்கு. 60ல் போகிறவன் 120ல் போக ஆசைப்பட்டால் காற்று எட்டு மடங்கு கூலி கேட்கும். ஆனால் மத்திய அரசின் 2018 அறிவிக்கைப்படி நாலுவழிச் சாலையிலேயே பைக்குக்கு உச்சவரம்பு 80தான். நகராட்சி எல்லைக்குள் 60. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வாசலில் தக்காளி லாரிக்கும் முருங்கைக்காய் வேனுக்கும் நடுவில் எனக்குக் கிடைப்பது 15. மீதிக் குதிரையெல்லாம் லாயத்தில் நின்று தீவனம் தின்கின்றன.

யமஹா ஆர்எக்ஸ் 100 என்றால் இன்றைக்கும் கண் விரிப்பவர்கள் இருக்கிறார்கள். 1985ல் வந்து 1996 வரை ஓடிய வண்டி. அதை வைத்திருந்த பையனுக்குப் பெண் கொடுக்கவே எங்கள் பக்கம் யோசிப்பார்கள், எங்காவது கொண்டுபோய் இடித்துவிடுவான் என்று. அந்த ராட்சசனுக்கு எத்தனை குதிரை தெரியுமா? பதினொன்று. 98 சிசி. உடம்பு எடை கம்மி, அவ்வளவுதான் சூட்சுமம். மச்சினா, நீ இன்றைக்கு "வெறும் நூறு சிசி" என்கிறாயே, உங்கள் அப்பாவை அன்றைக்கு அலற விட்டதும் அதே நூறு சிசிதான்.

இப்போது கொத்தனார் விஷயம். அவன் திட்டாகச் சொன்ன வார்த்தை, நான் யோசிக்க யோசிக்கச் சான்றிதழாகத்தான் தெரிகிறது. காலை ஏழரைக்கு எங்கள் தெருமுனையில் வந்து நின்று பாருங்கள். டேங்க் கவரில் கரண்டியும் ரசமட்டமும், ஹேண்டிலில் தூக்குப்போசி, பின்னால் சித்தாள், அவர் மடியில் சாந்து அள்ளும் பாண்டு. சாயங்காலம் அதே வண்டி டேங்க் மேல் 50 கிலோ சிமெண்ட் மூட்டையோடு திரும்பும். அந்த மனுஷன் யூடியூப் பார்த்து வண்டி வாங்கியவர் கிடையாது. வண்டி ஒரு நாள் நின்றால் அவருக்கு அன்றைக்குக் கூலி இல்லை. எந்த வண்டி நிற்காது, நின்றாலும் எந்த மரத்தடியில் சரி பண்ணலாம், எதற்குச் சாமான் மலிவு என்பதெல்லாம் அவர் சொந்தக் காசை இழந்து கற்றுக்கொண்டது. கரண்டி வாங்கும்போது கைப்பிடியில் வெள்ளிப்பூண் இருக்கிறதா என்றா பார்க்கிறார்? வண்டியையும் அதே கண்ணால்தான் பார்க்கிறார். நானும் வண்டியை வைத்துப் பிழைக்கிறவன். அவரை விட எனக்கு யார் நல்ல ஆலோசகர்?

இந்த ரகம் இங்கே வேர் பிடித்ததும் இந்தக் கணக்கில்தான். அதற்கு முன்னால் சின்ன வண்டி என்றாலே பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, புகை கக்கிக்கொண்டு போகும் டூ ஸ்ட்ரோக். 1985ல் ஹீரோ ஹோண்டாவின் சிடி 100 நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்தது. பங்கில் ஆயில் கேட்கும் வேலை போனது, மைலேஜும் ஏறியது. 1994ல் ஸ்ப்ளெண்டர். படுக்கை வாக்கில் சிலிண்டர் வைத்த அந்த அமைப்புக்கு மூதாதை, ஹோண்டா 1958ல் ஜப்பானில் கொண்டுவந்த சூப்பர் கப். 2017க்குள் அது பத்துக் கோடி வண்டியைத் தாண்டிவிட்டது. உலகம் முழுக்க முட்டாள்களா என்ன?

நான் நேரில் கண்ட பலன் ஒன்று சொல்கிறேன். இடையகோட்டையில் ஒரு நாள் கிளட்ச் கேபிள் அறுந்தது. உச்சி வெயில். அரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போனேன். 112 கிலோதான், வியர்த்தது, மூச்சு வாங்கவில்லை. சைக்கிள் கடை ஒன்று இருந்தது. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஆணியில் தொங்கிய கேபிள்களில் ஒன்றை இழுத்தார். என் வண்டிக்கு உரியது. டீ ஆறுவதற்குள் மாட்டிவிட்டார். இதே கேபிள் அந்தப் பெரிய வண்டியில் அறுந்திருந்தால் திண்டுக்கல்லுக்கு டெம்போ வைத்திருக்க வேண்டும்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. ஆடி மாதம் தாராபுரம் உடுமலை ரோட்டில் போய்ப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாடிகளை மட்டுமா சுற்றுகிறது? ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றார்கள், 112 கிலோ எம்மாத்திரம். போன ஆடியில் ஒரு லாரியைத் தாண்டியதும் காற்று பக்கவாட்டில் அறைந்து, வண்டி ஒரு முழம் தள்ளிப் போனது. அன்றைக்கு நண்பரின் எருமையை நினைத்துக்கொண்டேன். நாலுவழிச் சாலையில் பின்னால் ஆள் இருக்கும்போது லாரியை முந்துவது ஒரு தனி ஜாதகம். பார்த்து, யோசித்து, கியர் குறைத்து, கடைசியில் வேண்டாம் என்று பின்னாலேயே போவேன். ராத்திரி வெளிச்சமும் போதாது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது பிரேக்கில்தான். 2019 ஏப்ரலில் வந்த விதி 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியது. அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு, ஒரு பிரேக்கை மிதித்தால் இரண்டும் பிடிக்கும் ஏற்பாடு போதும் என்று விட்டுவிட்டார்கள். மழையில் சித்தாளையும் ஏற்றிக்கொண்டு வருகிற கொத்தனாருக்குச் சக்கரம் வழுக்காதா? குதிரை எனக்கு வேண்டாம், கடிவாளத்தையாவது ஒழுங்காகக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். வேகம் விரும்புகிறவன் காசு கொடுத்து வாங்கட்டும். நிற்பதற்கும் அதே கணக்கு என்றால் அது நியாயமாகப் படவில்லை.

லடாக் போக முடியாதே என்று ஒருவர் கேட்டார். ஐயா, எனக்கு லீவே தீபாவளிக்கு இரண்டு நாள்தான். வராத லடாக்குக்காக 365 நாளும் இட்டேரியில் எருமையைத் தள்ள வேண்டுமா? நாங்கள் போனது பாச்சலூர். வடகாடு வழியாக மலை ஏறும்போது வீட்டுக்காரம்மாவையும் வைத்துக்கொண்டு முக்கால்வாசித் தூரம் இரண்டாவது கியர். எஞ்சின் முனகியது, மறுக்கவில்லை. ஒரு திருப்பத்தில் கீழே பரப்பலாறு அணை தெரிந்தது. அவள் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். அந்த ஏற்றத்தில், அந்தச் சரிவில், சைடு ஸ்டாண்டு போட்டு ஒரே கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த ஒரு பெரிய வண்டிப் பையனும் பார்க்க ஆசைப்பட்டு வேகத்தைக் குறைத்தான். நிறுத்தச் சமதரை இல்லை. போய்விட்டான்.

பின் டயர் தேய்ந்துவிட்டது, நடுப்பட்டை கிட்டத்தட்ட வழுக்கை. செம்மண்ணுக்கும் தார்ரோட்டுக்கும் சேர்த்து ஒத்துவருகிற மாதிரி 18 இஞ்ச் டயர் எது போட்டீர்கள், எவ்வளவு ஓடியது என்று இதே வண்டி வைத்திருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். கொத்தனார்கள் சொன்னால் அதையே போட்டுவிடுகிறேன்.