எத்தனை மணி நேரம் ஓடும்? இதற்கு ஒரு நேரான பதில் கிடையாதா?

வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர் வேண்டும் என்று யாரிடம் போய் நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை ஃபேன், எத்தனை லைட்?" விசாரணை அதோடு முடிந்துவிடும். அடுத்த நிமிடமே ஒரு பெட்டியையும் ஒரு பேட்டரியையும் காட்டி, "இது போதும் சார், அஞ்சு மணி நேரம் அசையாம நிக்கும்" என்பார்கள். எவ்வளவு லோடில் அஞ்சு மணி நேரம் என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். முகம் மாறிவிடும். ஏதோ நாம்தான் வம்புக்கு வந்தவர் மாதிரி பார்ப்பார்கள்.

எரிச்சலாக வருகிறது. தினமும் கரண்ட் போகும் வீட்டில் இருப்பவருக்குத் தெரியவேண்டியது ஒரே ஒரு விஷயம். என் வீட்டு லோடு இவ்வளவு, இந்தப் பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும்? அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லா எண்ணையும் பெட்டியின் மேல் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

850 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்று இன்வெர்ட்டரில் கொட்டை எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து 850 வாட் என்று நினைக்காதவர் யார்? ஆனால் அது உண்மையில் தாங்குவது பல மாடல்களில் 600, 700 வாட்தான். அந்த வாட் கணக்கு கையேட்டின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும். வீட்டில் இருக்கும் ஃபேனிலும் டிவியிலும் வாட் போட்டிருக்கும்போது, அதை ஓட்டப்போகிற பெட்டியில் மட்டும் ஏன் வி.ஏ.? பெரிய எண் விற்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

பேட்டரி கதை இதைவிட மோசம். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர்) என்று எழுதியிருக்கும். பெருக்கினால் 1800 வாட்-ஹவர். மூன்று சாதாரண ஃபேன், நான்கைந்து எல்.இ.டி. பல்பு, ஒரு டிவி, ஒரு ரவுட்டர் எல்லாம் சேர்த்து 400 வாட் என்று வையுங்கள். 1800-ஐ 400-ஆல் வகுத்தால் நாலரை மணி நேரம். நம்பி வாங்கி வந்து மாட்டுகிறோம். இரண்டேகால் மணி நேரத்திலேயே பீப், பீப் என்று கத்த ஆரம்பிக்கிறது. நடுராத்திரி, ஃபேன் நிற்கிறது, பிள்ளைகள் எழுந்து உட்காருகிறார்கள். பேட்டரி பழுதா? இல்லை. புத்தம் புதுசு.

எங்கே போயிற்று மீதி? ஈய-அமில பேட்டரியில் அந்த 150 என்பது பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கு. அதாவது ஏழரை ஆம்பியரில் 20 மணி நேரம் மெதுவாக உறிஞ்சினால்தான் 150 கிடைக்கும். 400 வாட் ஓட்டும்போது பேட்டரியிலிருந்து போவது ஏறக்குறைய 40 ஆம்பியர். அவ்வளவு வேகமாக இழுத்தால் ஏறக்குறைய கால் பங்கு கொள்ளளவு அப்படியே கைக்கு எட்டாமல் போய்விடும். பேட்டரி நீடித்து உழைக்கவேண்டும் என்றால் அதைச் சுத்தமாகக் காலி செய்யக் கூடாது, அடியில் ஐந்தில் ஒரு பங்காவது விட்டுவைக்க வேண்டும். அப்புறம் பேட்டரியின் டி.சி. மின்சாரத்தை வீட்டுக்கு வேண்டிய ஏ.சி. மின்சாரமாக மாற்றும்போது இன்வெர்ட்டரே 10, 15 சதவீதத்தைச் சூடாக்கித் தின்றுவிடும். எல்லாம் கழித்துப் பார்த்தால் நாலரை மணி நேரம் பாதியாகி நிற்கிறது. வேகமாக இழுத்தால் பேட்டரி குறைவாகத்தான் தரும் என்பதை பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் 1897-லேயே சூத்திரமாக எழுதி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஓடிப்போயிற்று. 400 வாட்டில் இத்தனை மணி நேரம் என்று பேட்டரியின் மேல் ஒரு வரி அச்சடிக்க இவர்களுக்கு இன்னும் மனசு வரவில்லை.

சரி, இதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விற்பவர் கட்டாயம் கேட்கவேண்டிய, ஆனால் ஒருவரும் கேட்காத கேள்வி இன்னொன்று இருக்கிறது: "உங்கள் வீட்டில் கரண்ட் எவ்வளவு நேரம் *இருக்கும்*?" போகும் நேரத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். காலியான 150 ஏ.எச். பேட்டரியை 15 ஆம்பியரில் சார்ஜ் செய்தால் வெறும் கணக்குக்கே பத்து மணி நேரம். கடைசிக் கட்டத்தில் மெதுவாகத்தான் ஏறும் என்பதால் நடைமுறையில் 12 மணி நேரத்தைத் தாண்டும். சார்ஜரே 10 ஆம்பியர்தான் என்றால் இன்னும் கேவலம். இரண்டு மணி நேரம் கரண்ட் வந்து, இரண்டு மணி நேரம் போகிற வீட்டில் அந்த பேட்டரி என்றைக்கு நிரம்பும்? நிரம்பவே நிரம்பாது. அரைகுறை சார்ஜிலேயே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகி, வருஷக்கணக்கில் உழைக்கவேண்டியது சீக்கிரமே செத்துப்போகும். அப்போது போய்க் கேட்டால் என்ன பதில்? "டிஸ்டில்டு வாட்டர் ஒழுங்கா ஊத்துனீங்களா?" பழி நம் தலையில்!

இப்படிப்பட்ட வீட்டுக்கு இன்னும் பெரிய ஈய-அமில பேட்டரியைத் தலையில் கட்டுவது அநியாயம். அங்கே வேகமாக சார்ஜ் ஏறுகிற லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பற்றிப் பேசவேண்டும். அரைகுறை சார்ஜில் கிடந்தாலும் அதற்குப் பெரிய கேடு இல்லை, கொள்ளளவில் பெரும்பகுதியைப் பயன்படுத்தவும் முடியும். விலை கூடுதல்தான். ஆனால் பழைய இன்வெர்ட்டரோடு அப்படியே மாட்டிவிடலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். சார்ஜ் வோல்டேஜ் அதற்கு ஒத்துவரவேண்டும், அந்த வசதி இன்வெர்ட்டரில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

அதற்கும் முன்னால் சொல்லவேண்டிய ஒன்றை யாருமே சொல்வதில்லை, அதில் அவர்களுக்கு லாபம் இல்லை. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் சுற்றும். மூன்று ஃபேனை மாற்றினால் லோடில் 135 வாட் குறைகிறது. அதே பேட்டரி, அதே இன்வெர்ட்டர், நேரம் மட்டும் ஒன்றரை மடங்கு. இதைச் சொல்லிவிட்டு அப்புறம் பேட்டரியைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

மின்சாரத்தைச் சீரான அலையாகத் தராமல் கட்டம் கட்டமாக வெட்டித் தருகிற ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரை இன்னமும் விற்கிறார்கள் என்பது தனி வயிற்றெரிச்சல். கரண்ட் போன உடனே ஃபேன் ம்ம்ம்ம் என்று உறுமுமே, அதுதான் அது. மோட்டார் வீணாகச் சூடாகிறது. லைன் கரண்ட் மாதிரியே சீரான அலையாகத் தருகிற சைன் வேவ் தவிர வேறு எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள். ஃபிரிட்ஜையும் அதில் ஓட்டலாம் என்று ஒருவர் சொன்னால், கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓடும் வாட்டைப் போல் பல மடங்கு இழுக்குமே, அதை இந்தப் பெட்டி தாங்குமா என்று கேளுங்கள்.

கூரையில் சோலார் போட்டுவிட்டால் கவலை விட்டது என்று நம்பவைப்பதும் நடக்கிறது. பேட்டரி இல்லாமல் லைனோடு மட்டும் இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். பட்டப்பகலில், உச்சி வெயிலில், வீடு இருட்டாகத்தான் இருக்கும். பாதுகாப்புக்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள், அதில் தப்பில்லை. வாங்கும் முன் சொல்லாததுதான் தப்பு.

எனக்குக் கோபம் தலைக்கேறுவது ஜெனரேட்டர் விஷயத்தில். மழை பெய்கிறது, சத்தம் கேட்கிறது என்று பால்கனியிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் வைத்து ஓட்டச் சொல்கிறார்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். ஜன்னல், கதவிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, திறந்த வெளியில்தான் அது ஓடவேண்டும். இன்னும் கொடுமை, இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒரு வயரைக் கையில் கொடுத்து, சுவரில் இருக்கும் சாக்கெட்டில் சொருகினால் வீடு முழுக்க வரும் என்று சொல்லித்தருவது. வீடு முழுக்க வரும், மெயினை அணைக்க மறந்தால் தெருவுக்கும் போகும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் அதைத் திருப்பி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். நமக்குக் கரண்ட் வரவைக்க மழையில் கம்பம் ஏறியிருக்கும் லைன்மேன் அதில் கை வைப்பார். லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு சேர்க்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடாமல் ஜெனரேட்டரை இணைக்க வருகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். அந்த வயரை நீட்டினால் அங்கேயே சண்டை போடுங்கள்.