பில் கேட்ஸ் கல்லூரிக்கே போகாதவரா?

பலர் பகிரும் கருத்து இதுதான்: பில் கேட்ஸ் கல்லூரிப் பக்கமே போகாமல் ஜெயித்தவர், அதனால் பல்கலைக்கழகப் படிப்பு வீண். படிப்பு தேவையா இல்லையா என்பது அவரவர் துறையையும் செலவையும் பொறுத்தது, அதற்குள் நான் போகவில்லை. கேட்ஸ் பற்றிய தகவல் மட்டும் சரியில்லை.

அவர் 1973-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பட்டம் வாங்காமல் வெளியேறியது உண்மைதான். ஆனால் அதற்குள் அங்கே நிறைய நடந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் முதல் தயாரிப்பான ஆல்டேர் பேசிக்கை (ஆல்டேர் என்ற கணினிக்கான நிரல்மொழி மென்பொருள்) எழுத ஹார்வர்டின் கணினிதான் உதவியது. பின்னாளில் அந்த நிறுவனத்தை நடத்திய ஸ்டீவ் பால்மரும் ஹார்வர்டில் கேட்ஸ் இருந்த அதே விடுதிக்காரர். அப்புறம், வகுப்பில் கொடுத்த ஒரு கணக்கு: அடுக்கிவைத்த பான்கேக்குகளைப் புரட்டிப் புரட்டி அளவுவாரியாக வரிசைப்படுத்த வேண்டும். கேட்ஸ் கண்ட தீர்வு, கணினி அறிவியலாளர் கிறிஸ்டோஸ் பாப்பாடிமிட்ரியூவோடு சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையாக 1979-ல் வெளியானது. கல்லூரிப் பக்கமே போகாதவருக்கு இது எப்படி அமையும்?

நீங்களே சரிபார்க்கலாம். 2007-ல் ஹார்வர்ட் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. அன்று அவர் ஆற்றிய உரை முழுவதும் இணையத்தில் கிடைக்கிறது. விடுதி நாட்களை அவர் வாயாலேயே கேட்கலாம். கட்டுரை வேண்டுமென்றால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான கூகுள் ஸ்காலரில் இருவர் பெயரையும் ஆண்டையும் ஆங்கிலத்தில் (Gates Papadimitriou 1979) தட்டுங்கள், வந்துவிடும்.