பழங்கால எகிப்தின் அரசி மெர்நெய்த்தை நாட்டை ஆண்ட அரசர்களின் வரிசையில் சேர்க்க இன்னும் என்ன தயக்கம்?

எகிப்தின் முதல் வம்சத்து அரசர்களை அடக்கம் செய்த இடம், அபிடோஸ் பாலைநிலத்தில் உள்ள உம் எல்-காப். ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1900-ல் அங்கே தோண்டியபோது ஒரு பெரிய கல்லறை கிடைத்தது. தரைக்கடியில் சுடாத செங்கல்லால் கட்டிய அறை, அதை ஒட்டிச் சாமான் வைக்கும் அறைகள், வெளியே சுற்றிலும் பணியாளர்களுக்கான 41 சிறு கல்லறைகள். நடுகல்லில் மெர்நெய்த் என்ற பெயர். இவ்வளவையும் பார்த்த பெட்ரி, இது ஓர் அரசனின் கல்லறை என்றே முடிவு கட்டினார்.

அது பெண்ணின் பெயர் என்று பிறகு தெரிந்ததும் பேச்சு மாறிவிட்டது. அரசன் போய் அரசனின் தாய், மகன் டென்னுக்காக நாட்டைப் பார்த்துக்கொண்டவர் என்றெல்லாம் ஆகிவிட்டார். கல்லறையில் ஒரு செங்கல்கூட மாறவில்லையே! எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

மறுப்பவர்கள் பக்கமும் வலுவான சான்று உண்டு. அந்த நடுகல்லில் நெய்த் தெய்வத்தின் குறுக்கிட்ட அம்புகள் இருக்கின்றன. அரசர் பெயருக்கு மேல் வரும் பருந்து இல்லை. 1985-ல் டென் அரசனின் கல்லறையில் கிடைத்த களிமண் முத்திரைப் பதிவு நார்மர், அஹா, ஜெர், ஜெட், டென் என்று அரசர்களை வரிசையாகச் சொல்கிறது. அதில் மெர்நெய்த்தும் இருக்கிறார், ஆனால் 'அரசனின் தாய்' என்ற பட்டத்தோடு. பின்னால் வந்த கா அரசனின் முத்திரையில் அவர் பெயரே இல்லை.

சரி, பட்டம் அதுவாகவே இருக்கட்டும். ஆனால் அரசர்களின் இடுகாட்டில், அரசர்களுக்குக் கட்டியது போலவே ஒரு கல்லறையை வெறும் தாய் என்பதற்காகவா கட்டியிருப்பார்கள்? டென் சிறுவனாக இருந்தபோது ஆட்சி இவர் கையில்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலரே சொல்கிறார்கள்.

2023-ல் வியன்னா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியானா கோலர் குழு இந்தக் கல்லறையில் நூற்றுக்கணக்கான மதுச்சாடிகளைக் கண்டது. ஐயாயிரம் ஆண்டாகியும் சில சாடிகளின் மூடி அப்படியே இருந்தது. உள்ளே திராட்சை விதைகளும் கிடைத்தன. மதுவைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. கருவூலம் போன்ற அரசு அலுவல்கள் இவர் பொறுப்பில் இருந்ததைக் காட்டும் எழுத்துச் சான்றும் அங்கே இருக்கிறது, அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. சுற்றியுள்ள கல்லறைகள் ஒரே நேரத்தில் கட்டியவை அல்ல, பல கட்டங்களாக எழுந்தவை என்றும் அந்தக் குழு சொல்கிறது. அப்படியானால் அரசியோடு 41 பேரையும் பலி கொடுத்தார்கள் என்ற பழைய கதையும் நிற்காது.

அரசர் பட்டியலில் ஜெட்டுக்கும் டென்னுக்கும் நடுவில், அடைப்புக்குறிக்குள் தள்ளாமல், மெர்நெய்த் பெயரைத் தனி வரியில் எழுதுங்கள். பக்கத்தில் 'அரசனின் தாய்' என்றும் போடுங்கள், அவர் காலத்தவர் எழுதிய பட்டம்தானே அது.