உதால் மன்னனின் உடலுக்குள் ஒரு பென் டிரைவ்

2015 பிப்ரவரியில் ஈராக்கின் மொசூல் அருங்காட்சியகத்துச் சிலைகளை ஐஎஸ் தீவிரவாத அமைப்பின் ஆட்கள் சம்மட்டியால் அடித்து நொறுக்கும் வீடியோ வெளிவந்ததே, நினைவிருக்கிறதா? நொறுங்கியவற்றில் ஒன்று ஹத்ரா என்ற பழங்கால நகரத்து உதால் மன்னனின் சிலை. டெஹ்ரானில் பிறந்து 2007இல் அமெரிக்கா போன மொரெஷின் அல்லாஹ்யாரி என்ற கலைஞர், அப்படி அழிந்த 12 பொருள்களைப் பழைய படங்களையும் குறிப்புகளையும் தேடிச் சேர்த்து 3டி பிரிண்டரில் மறுபடி உருவாக்கினார். மன்னன் இப்போது கையில் எடுத்துவிடக்கூடிய அளவு. ஒளி ஊடுருவும் பிசினில் செய்ததால் உடலுக்குள்ளே ஒரு பென் டிரைவ் தெரியும். அவர் திரட்டிய படங்கள், வரைபடங்கள், வீடியோக்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

அதைவிட முக்கியமானது, 2016இல் உதாலின் 3டி கோப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் சிரியாவில் ஐஎஸ் தகர்த்த பழங்காலப் பல்மைரா வளைவின் நகலைத் திறந்துவைத்தார்கள். எந்திரம் செதுக்கிய பளிங்கு, அசலைவிட மிகச் சிறியது. போர் நடக்கும் நாடுகளின் சின்னங்களை மேற்கத்திய நிறுவனங்கள் ஸ்கேன் செய்து, தரவையும் உரிமையையும் தங்களிடமே வைத்துக்கொள்ளும் போக்கை அல்லாஹ்யாரி 'டிஜிட்டல் காலனியம்' என்கிறார். எனக்கு அதில் முழு உடன்பாடு. கோப்பு யார் கையில் இருக்கிறது என்று கேட்காமல் 'மீட்டுவிட்டோம்' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

புராணத்தையும் அறிவியலையும் கலக்கும் படைப்புகள் இப்போது நிறைய வருகின்றன. பலவும் பழைய உருவத்துக்கு உலோகத் தோலும் நீல வெளிச்சமும் கொடுப்பதோடு நின்றுவிடுகின்றன. கதை மாறுவதில்லை. அல்லாஹ்யாரி கதையில்தான் கை வைக்கிறார். அரபு, பாரசீக மரபுகளில் வரும் ஜின்கள் என்னும் ஆவிகளையும் கொடிய உருவங்களையும் தேடி எடுத்து, 3டியில் வார்த்து, அவர்களுக்குப் புதிய கதை எழுதுகிறார். ஹுமா என்ற மூன்று தலை ஜின் மனித உடம்பில் காய்ச்சலை ஏற்றுபவள். அவர் கையில் அவள் பூமியே சூடாகும் இந்தக் காலத்தின் ஜின் ஆகிறாள்.

எனக்கு மிகவும் பிடித்தது 2018இல் அவர் செய்த 'சிரிக்கும் பாம்பு'. பழைய கதையில் அந்தப் பெண் பாம்பு ஊரையே அழிக்கிறது, படைகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் ஒரு கிழவர் சொன்ன யோசனைப்படி அதன் முன் கண்ணாடியை நிறுத்துகிறார்கள். தன் உருவத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே அது செத்துப்போகிறது. இவ்வளவு பலம் கொண்ட ஒருத்தி தன் முகத்தைப் பார்த்ததும் சாக வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள்? அல்லாஹ்யாரி இதை இணையத்துக்கென்றே எழுதியிருக்கிறார். எந்தச் சொல்லைச் சொடுக்குகிறோமோ அதைப் பொறுத்துக் கதை திசை மாறும். நடுநடுவே பெண்கள் அனுபவித்த சீண்டல்களும் வன்முறையும் வருகின்றன, அவருடைய சொந்த அனுபவங்கள் உட்பட. சில பக்கங்கள் ரொம்பக் கனமானவை. அவசரமில்லாத நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.