சண்டே ஸ்கூல் மட்டுமா காரணம்?
சின்னதுல சர்ச் சண்டே ஸ்கூல்ல, கடவுள் ஆறு நாள்ல உலகத்த படைச்சாருன்னு படிச்ச பிள்ளைங்க பெரியாளானாலும் பரிணாமத்த ஏத்துக்க மாட்டாங்கன்னு ஒரு கட்டுரையில இருக்கு, எனக்கு அது அவ்வளவு லேசா தெரியல, ஏன்னா நானும் அக்காவும் இலங்கையில ஹட்டன் பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துல ஒரே சண்டே ஸ்கூல், ஒரே டீச்சர், பிளானல் துணி போட்ட பலகையில நாளுக்கு ஒரு படம் ஒட்டுவாங்க, மழைக்காலத்துல ஈரத்துக்கு ஆறாம் நாள் ஆதாம் மட்டும் நிக்காம விழுந்துருவாரு, நாங்க சிரிச்சு பேச்சு வாங்குவோம். நான் ஒருநாள் டைனோசர் எந்த நாள் டீச்சர்னு கேட்டேன், அவங்க அதட்டல, எனக்கு தெரியாதுப்பா, பைபிள்ல முதல் புத்தகம் ஆதியாகமத்துல ஒன்னாம் அதிகாரத்தயும் ரெண்டாம் அதிகாரத்தயும் சேத்து வாசின்னாங்க, வாசிச்சா ஒன்னுல மிருகத்துக்கு பிறகு மனுஷன், ரெண்டுல மனுஷனுக்கு பிறகு மிருகம்! ஓஎல் பரீட்சைக்கு படிக்கிறப்ப பரிணாமம் எனக்கு அதிர்ச்சியாவே இல்ல, சர்ச்சுக்கு போறதயும் விடல. அக்கா கல்யாணம் கட்டி போன ஊர்ல ஒரு ஜெபக்கூட்டத்துல சேந்து, அங்க வாராவாரம் கேட்டுத்தான் உலகத்துக்கு ஆறாயிரம் வருஷம்னு பிடிச்சா, சண்டே ஸ்கூல்ல அந்த கணக்க யாரும் சொல்லவே இல்ல, பைபிள்லயும் அப்படி எழுதியில்ல, 1650ல அயர்லாந்து பேராயர் ஜேம்ஸ் அஷர் அதுல உள்ள வம்ச வரலாறெல்லாம் கூட்டி உலகம் படைச்சது கிமு 4004ன்னு போட்டது. கிறிஸ்தவங்க எல்லாரும் பரிணாமத்த ஏத்துக்காதவங்கதான்னு அந்த கட்டுரைக்கு கருத்து எழுதின அண்ணனுக்கு, கத்தோலிக்க பக்கம் 1950லயே போப் பன்னிரண்டாம் பயஸ் மனுஷ உடம்பு பரிணாமத்துல வந்துச்சான்னு ஆராயலாம்னு எழுதிட்டாரு, ஆனா எங்க தோட்டத்து கத்தோலிக்க பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுத்தது அதே ஆறு நாள்தான். போன மாசம் அக்கா மகன் எனக்கு போன் போட்டு டைனோசர் எந்த நாள் மாமான்னு கேக்குறான், அவங்கம்மா பக்கத்துலயே நிக்கிறா.